ஆற்றில் ஒன்று, ஓடையில் ஒன்று

எம். புதுப்பட்டி
13.8.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

இசைவாணி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு இருமல் விட்டுவிட்டதா, அங்கே அரிசி கிடைக்கிறதா, இல்லை இன்னமும் ரொட்டிதானா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சொர்ணலட்சுமி அக்கா கடை போனில் பேசினால், கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். போன தடவை நீங்கள் வைத்த பிறகு, "செழியனுக்குச் சளியாம்ல?" என்று தெருவே என்னை விசாரித்தது. நான் இப்போது கேட்கப்போவதைக் கேட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

எங்கள் அச்சகத்துக்குச் சென்னையில் ஒரு பதிப்பகத்திலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு உயிர்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டுக்கும் எது ஒற்றுமை, எது வித்தியாசம் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போகவேண்டும். படங்களும் ஆங்கிலக் குறிப்பும் அனுப்பியிருக்கிறார்கள். தமிழில் எழுதுவது எங்கள் பொறுப்பு. புரூஃப் பார்க்கிற லட்சுமிகாந்தம் சார், "நீ பிளஸ் டூவில உயிரியல் படிச்ச பிள்ளதான, ஒண்ணை நீயே எழுது" என்று என்னிடம் தந்துவிட்டார். இத்தனை நாளும் பிறர் எழுதியதை டைப் அடித்தவள் நான். முதல் தடவையாக என் வாக்கியம் அச்சில் வரப்போகிறது.

எனக்கு வந்த ஜோடி, ஆற்று டால்பினும் ஓடையில் வாழும் சாலமாண்டரும். இரண்டையும் நான் பார்த்ததில்லை. குறிப்பில், கங்கையில் இந்த டால்பின் உண்டு என்று போட்டிருக்கிறது. நீங்கள் நான்கு வருடமாகக் கங்கைக் கரை அனல்மின் நிலையத்தில்தானே காவலுக்கு நிற்கிறீர்கள்! பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி சீசன் மும்முரம். அம்மாவை விடிவதற்குள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அத்தை மகள் பானுப்பிரியாவும் அதே வேன்தான். நம் அப்பா உயிரோடு இருந்தபோது ராமுத்தாய் அத்தைக்குக் கொடுத்த வாக்கை அத்தை அடிக்கடி நினைவுபடுத்துகிறது. தீபாவளிக்கு வந்து பரிசம் போட்டுவிட்டுப் போங்கள் என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
இசைவாணி

*

கஹல்காவ், பீகார்
10.9.2006

அன்புத் தங்கை இசைவாணிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இருமல் போய்விட்டது. அரிசி தாராளமாகக் கிடைக்கிறது, அம்மாவிடம் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ எழுத்தாளர் ஆகிவிட்டாய். எனக்கு ஒரு புத்தகம் தனியாக எடுத்து வை.

டால்பினை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே அதைச் சோன்ஸ் என்கிறார்கள். இந்த ஊரில் ஆற்றின் நடுவே பாறைத் தீவுகள் மூன்று இருக்கின்றன. அந்தப் பக்கம் ஆழம் அதிகம். படகில் போனால், காலையிலும் சாயங்காலமும் அது எழுந்து மறைவதைப் பார்க்கலாம். டிவியில் காட்டுகிறார்களே, கடல் டால்பின் பந்து தட்டிக் குதிப்பது, அப்படியெல்லாம் குதிக்காது. சாம்பல் நிறத்தில் முதுகு தெரியும், நீளமான மூக்கு தெரியும், "சூஸ்" என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். நீ விரலை நீட்டிக் காட்டுவதற்குள் உள்ளே போய்விடும்.

அதன் மூக்கு இடுக்கி மாதிரி நீளம். வாயை மூடினாலும் பற்கள் வெளியே தெரியும். கண் கடுகு அளவுதான். இருந்தும் இல்லாததுபோல. கங்கைத் தண்ணீர் எங்கள் கேன்டீன் டீ மாதிரி கலங்கல். அதில் கண்ணை வைத்து என்ன செய்வது? சத்தம் எழுப்பி, அது எதிரொலித்து வருவதை வைத்துத்தான் மீனையும் வலையையும் தெரிந்துகொள்கிறதாம். படகுக்காரர் ராம்சரண் சொன்னது இது. அவர் சொன்ன இன்னொன்று: அது மீன் இல்லை, பால் கொடுக்கிற சாதி. தண்ணீருக்குள்ளேயே கிடக்க முடியாது. மூச்சுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். எண்ணெய்க்காக அதைக் கொல்கிறவர்கள் அது மூச்சுக்கு எழுகிற இடத்தில்தான் காத்திருப்பார்களாம்.

இந்த மட்டும் போதுமா? மேலும் வேண்டுமானால் கேள். நாங்கள் ஞாயிறுதோறும் ஆற்றுக்குப் போவோம்.

வெள்ளம் இப்போதுதான் வடிகிறது. டூட்டி அதிகம். கம்பெனியில் அம்மாவை வெடிமருந்துக் கலவை ரூம் பக்கம் போகவேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
செழியன்

*

எம். புதுப்பட்டி
2.10.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மருந்து ரூம் பக்கம் அவள் போவதில்லை. சரம் பின்னுகிற இடத்தில்தான் உட்காருகிறாள்.

உங்கள் கடிதத்தை லட்சுமிகாந்தம் சாரிடம் காட்டினேன். "ஆங்கிலக் குறிப்பை மூடி வை, இதுதான் புத்தகம்" என்றார். கண்ணைக் கடுகோடு ஒப்பிட்டதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வலது பக்கம் சாலமாண்டருக்குத்தான் ஆளில்லை. அதைப் பார்த்த சொந்தக்காரர் யாரும் நமக்கு இல்லையே! படத்தில் உள்ளது சீனாவின் மலை ஓடைகளில் இருக்கிற பெரிய இனம். ஆள் நீளம் வளருமாம். தவளைக்குப் பங்காளி. தலை தட்டையாக, வாய் காதுவரை கிழிந்ததுபோல, உடம்பின் இரண்டு பக்கமும் துணி கசங்கினதுபோல மடிப்பு மடிப்பாகத் தோல். அந்த மடிப்பு வழியாகத்தான் ஓடுகிற தண்ணீரிலிருந்து மூச்சை இழுத்துக்கொள்கிறதாம். அதனால் மேலே வரவேண்டிய அவசியமே அதற்குப் பெரும்பாலும் இல்லை. கல்லுக்கடியில் போய்ப் படுத்தால் படுத்ததுதான். அதற்கும் கண் சரியாகத் தெரியாது. தண்ணீரில் ஓர் அசைவு வந்தால் தோலில் உணர்ந்து, பக்கத்தில் வந்த நண்டை ஒரே வாயில் பிடித்துவிடும். முட்டையைத் தாய் போட்டுவிட்டுப் போய்விட, குஞ்சு பொரிக்கிறவரை தகப்பன்தான் பொந்துக்குள் காவல் இருக்குமாம்.

எங்கள் பிரிவில் எல்லோரும் அதை உடும்பு என்கிறார்கள். லட்சுமிகாந்தம் சார் ஒரு பழைய புத்தகத்திலிருந்து வேறொன்று சொன்னார். முன்காலத்தில் ஐரோப்பாவில் சாலமாண்டர் நெருப்பில் பிறந்து நெருப்பில் வாழும் என்று நம்பினார்களாம். ஞாயிற்றுக்கிழமை பானுவிடம் இதைச் சொன்னேன். அவள் கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "அவுக எங்க கம்பெனியில ஒரு நாள் வேல பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டாக. நெருப்புல எதுவும் வாழாது" என்றாள்.

அவளை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது அண்ணே. போன மாதமும் ஒரு இடம் வந்தது. "எங்க பிள்ளைக்கு முறை மாப்பிள்ளை இருக்கான்" என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டது. பரிசம் பற்றி அம்மா கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. தீபாவளிக்கு வருகிறீர்களா? டிக்கெட் எடுத்தாயிற்றா?

டால்பின் குட்டியைப் பார்த்தால் அதைப் பற்றியும் எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் குட்டி பிடிக்கும்.

தங்கை,
இசைவாணி

*

கஹல்காவ்
5.11.2006

அன்புத் தங்கைக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நான் திடமாக இருக்கிறேன். தீபாவளிக்கு வரமுடியவில்லை என்று அம்மா வருத்தப்பட்டிருப்பாள். லீவு கேட்டவர்கள் அதிகம், எனக்குக் கிடைக்கவில்லை.

நீ கேட்ட குட்டியைப் பார்த்தோம். தீபாவளி கழிந்து இங்கே சட் பூஜை என்று ஒன்று வரும். ஊரே கங்கையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, மறைகிற சூரியனையும் மறுநாள் உதிக்கிற சூரியனையும் கும்பிடும். முறத்தில் கரும்பும் வாழைத்தாரும் வைத்துப் பெண்கள் நிற்பது பார்க்க அழகாக இருக்கும். விடிகிற நேரம், தீவுக்கு இந்தப் பக்கம் தாயும் குட்டியும் சேர்ந்து எழுந்தன. தாய் எழுந்த கையோடு குட்டி, ஒட்டினாற்போல. குட்டியின் மூக்கு இன்னும் நீளவில்லை. நிறமும் கொஞ்சம் கறுப்பு. மறுபடி மூழ்கி, வேறு இடத்தில் எழுந்தன. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் சின்னது பயந்துபோய் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தானும் "சூ... சூ..." என்றது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சாலமாண்டர் பற்றி நீ எழுதியதைப் படகுக்காரர் ராம்சரணுக்கு இந்தியில் சொன்னேன். "மேலே வராமலே இருக்குமா? கொடுத்துவைத்த பிராணி" என்றார்.

அம்மாவுக்கு இங்கிருந்து ஒரு கம்பளிச் சால்வை அனுப்புகிறேன். காதை மூடிக்கொண்டு வேனில் போகச் சொல்.

அன்புடன்,
செழியன்

*

எம். புதுப்பட்டி
20.12.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

சால்வை வந்தது. அம்மா அதைப் போர்த்திக்கொண்டு வேனில் ஏறினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

புத்தகத்தில் ஒரு மாற்றம். சீனாவில் யாங்சி என்ற ஆற்றிலும் ஒரு டால்பின் இனம் இருந்தது. அதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன். போன வாரம் பேப்பரில் செய்தி வந்திருக்கிறது. பல நாட்டு ஆட்கள் கப்பலில் அந்த ஆறு நெடுகத் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். லட்சுமிகாந்தம் சார் பேப்பரை என் மேசையில் வைத்து, "'வாழ்கிறது'ங்கிறதை 'வாழ்ந்தது'ன்னு மாத்தும்மா" என்றார். இரண்டு எழுத்துதான். அடிக்க மனசு வரவில்லை. கடைசியில் அடித்தேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனியில் வேலை குறைவு. எங்கள் அச்சகத்தில் காலண்டரின் மேல் விளிம்புக்குத் தகரப் பட்டை அடிக்க ஆள் கேட்டார்கள், பானுவைச் சேர்த்துவிட்டேன். மத்தியானம் சேர்ந்து சாப்பிடுகிறோம். குட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் புத்தகத்துக்காக டைப் அடித்து வைத்திருந்தேன். "பயந்த குட்டி தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்" என்று. பானு அந்தத் தாளைச் சோறு தின்றபடியே படித்தாள்.

"ஏ இசை, டால்பினுக்குக் கை இருக்கா?"

"கை இல்ல, துடுப்பு."

"கழுத்து?"

நான் தாளை வாங்கி மறுபடி பார்த்தேன். "மச்சான் எழுதுன லெட்டரைக் கொண்டா" என்றாள். கொடுத்தேன். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து, மடிப்பை நகத்தால் நீவி என்னிடம் கொடுத்துவிட்டு, "இது டால்பின் குட்டி இல்ல" என்று மட்டும் சொன்னாள். தட்டைக் கழுவப் போனாள். சாயங்காலம்வரை தகரம் அடித்தாள்.

அந்த வரியை நான் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன் அண்ணே. அது யார் வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோதும், அந்த இடத்தைத் தாண்டிப் படித்துவிட்டேன்.

விருதுநகரிலிருந்து பானுவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. முனியராஜ் என்று பெயர். பருப்பு மில்லில் மிஷின் பார்க்கிறார். அத்தை தை மாதத்துக்குள் உங்கள் வாயால் ஒரு பதில் வேண்டும் என்கிறது.

பதில் எழுதுங்கள்.

இசைவாணி

*

எம். புதுப்பட்டி
21.1.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் கழிந்தது. நாங்கள் இருவரும் சுகம். உங்களிடமிருந்து கடிதமும் இல்லை, கடைக்குப் போனும் இல்லை. அம்மா தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்கிறாள்.

புத்தகம் முடியப்போகிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமைகளைப் போடவேண்டும். இரண்டும் உப்பில்லாத தண்ணீரில் வாழ்கின்றன. இரண்டுக்கும் கண் மங்கல். இரண்டையும் மனிதன் துரத்துகிறான். இன்னொன்று வேண்டும் என்கிறார் சார். எனக்குத் தோன்றவில்லை.

நலமாக இருக்கிறீர்கள் என்றாவது இரண்டு வரி எழுதுங்கள்.

இசைவாணி

*

எம். புதுப்பட்டி
11.2.2007

மச்சானுக்கு,

பானுப்பிரியா எழுதுறேன். நான் உங்களுக்கு லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். எல்லாரும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன்.

நீங்க என்னைக் கட்டிக்கிறேன்னு ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்லை. பெரியவங்க பேசுனாங்க, நானும் சரின்னு இருந்தேன். அதனால உங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு எழுதத்தான் பேனா எடுத்தேன். எழுதும்போதுதான் தெரியுது, கோபம் இருக்கு. ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருக்கலாம். வந்த இடத்தையெல்லாம் எங்கம்மா உங்க பேரைச் சொல்லித் திருப்பி அனுப்புனப்ப நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கம்மாகிட்ட, எனக்குச் செழியன் மச்சானைக் கட்டிக்க இஷ்டம் இல்லைன்னு சொல்லிட்டேன். உங்களைக் காப்பாத்த அப்படிச் சொல்லலை. யாரோ வந்து சரின்னோ வேண்டாம்னோ சொல்லட்டும்னு இருக்க எனக்குப் பிடிக்கலை. அம்மா ஆட்டம் ஆடித் தீர்த்துருச்சு. உங்க அம்மா, கருப்பம்மா அத்தை, அதுக்கப்புறம் என்கூடப் பேசுறதில்லை. காலண்டர் வேலை முடிஞ்சு நான் மறுபடி பட்டாசுக் கம்பெனிக்குத்தான் போறேன். வேன்ல பக்கத்துல இடம் இருந்தாலும் தள்ளிப் போய் உட்காருறாங்க. அவங்க மகனை நான் வேண்டாம்னு சொல்லிட்டேனாம். சின்னதுல இருந்து எனக்குத் தலை பின்னிவிட்ட அத்தை. அதுதான் தாங்கலை.

முனியராஜ்ங்கிறவங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "பட்டாசு வேலைக்கு இன்னும் போகணும்னு இருக்கா, போதும்னு இருக்கா?" இதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. போதும்னு சொன்னேன். அச்சகத்து வேலை பிடிச்சிருக்குன்னும் சொன்னேன். "விருதுநகர்லயும் பிரஸ் இருக்கு" அப்படின்னாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு.

அத்தைகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. இசையும் சொல்லலை. அது எங்க வேலை இல்லை, உங்க வேலை. சீக்கிரம் சொல்லுங்க. அத்தை பக்கத்துல நான் உட்கார்ந்து போகணும்.

உங்க வீட்டுல இருக்கிறவங்க பேரு என்ன? அதைக்கூட நீங்க எழுதலை.

பானுப்பிரியா

*

கஹல்காவ்
4.3.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

செழியன் எழுதுகிறேன். இதை இசைவாணி விடாமல் படித்துச் சொல்லுவாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது அம்மா?

எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் மால்தி. இங்கே படகு ஓட்டுகிற ராம்சரண் என்பவரின் மகள். 2004 வெள்ளத்தில் எங்கள் காவல் கூடாரம் மூழ்கி, நான் காய்ச்சலோடு அவர்கள் வீட்டு மாடியில் கிடந்தேன். அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டேன். ஒன்றரை வயதில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். சீனி என்று கூப்பிடுகிறோம். இந்தக் கடிதத்தோடு அவள் படம் வைத்திருக்கிறேன்.

அப்பா அத்தைக்குக் கொடுத்த வாக்கை எப்படி முறிப்பது என்று நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பானுப்பிரியா மேல் கோபப்படாதே. விஷயம் தெரிந்துதான் அவள் வேண்டாம் என்று சொன்னாள். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

மால்தி உன்னைக் கும்பிட்டதாக எழுதச் சொல்கிறாள். அவளுக்குத் தமிழில் "அம்மா", "சோறு", "வா" தெரியும்.

நீ என்ன சொன்னாலும் சரி.

உன் மகன்,
செழியன்

*

எம். புதுப்பட்டி
25.3.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அண்ணிக்கும் சீனிக்கும் என் அன்பு. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்தாள். கை கால் கழுவவில்லை. "படி" என்றாள். படித்தேன். "இன்னொருக்கப் படி" என்றாள். இரண்டாவது தடவை படித்து முடித்ததும் படத்தை வாங்கினாள். விரல் ரேகை படுமென்று சேலை முந்தியால் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. "சீனின்னா அங்கயும் சீனிதானா?" என்று கேட்டாள். ஆமாம், இந்தியிலும் அதே அர்த்தம்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பானு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எந்திரி" என்றாள் அம்மா. பானு எழுந்தாள். "நான் உன்னை என்னென்ன நெனச்சேன் தெரியுமா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பிள்ள" என்று அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லி நீங்க கேக்கவா அத்தை? மச்சான் சொல்லணும்ல" என்றாள் பானு. ராமுத்தாய் அத்தை உள்ளேயிருந்து வந்து, விஷயம் தெரிந்து, உங்களைக் கொஞ்ச நேரம் வைதது. வைததை எழுதப்போவதில்லை. பிறகு அதுவே எல்லோருக்கும் காப்பி போட்டது.

அடுத்த நாளிலிருந்து அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். நான்தான் பயந்தேன். என் புத்தகத்தின் முதல் படி வந்ததும் காட்டினேன். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது கல்லுக்கடியிலயேவா கிடக்கும்? மேல வரவே வராதா?" என்று சாலமாண்டரைக் காட்டிக் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இது உங்கண்ணன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "அவன் யாரைக் கட்டுனான்னு எனக்குக் கோவம் இல்ல. ஒண்ணரை வருசம் எனக்கு ஒரு பேத்தி இருந்திருக்கா, இல்லாமப் பண்ணிட்டான்ல. அது ஆறாது." "வரச் சொல்லி எழுதவா?" என்றேன். "வேண்டாம். அவன் லீவு கிடைக்கலைம்பான். நானே போறேன்."

மதுரையைத் தாண்டாத அம்மா! எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. உங்கள் யூனிட்டில் சாத்தூர்க்காரர் ராக்கப்பன் என்பவர் லீவில் வருவதாக ஒரு தடவை போனில் சொன்னீர்கள். அவர் திரும்பும்போது அம்மாவையும் கூட்டிவர முடியுமா என்று கேளுங்கள். பானு கல்யாணம் சித்திரையில். அது முடிந்ததும் கிளம்புகிறாள். போகிற ஊரில் குளிருமா என்று சால்வையை எடுத்து வைத்திருக்கிறாள். மே மாதம் அங்கேயும் வெயில்தான் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

தங்கை,
இசைவாணி

*

கஹல்காவ்
20.5.2007

இசைவாணிக்கு அம்மா சொல்லி எழுதுனது.

நல்லா இருக்கியா? ஒழுங்காப் பொங்கித் தின்கிறியா, இல்ல கடையில வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்கிறியா? நான் நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். அந்த ராக்கப்பன் தம்பி தங்கமான பிள்ளை. ரெண்டு ராத்திரி ரயில்ல எனக்குக் கீழ் சீட்டைக் குடுத்துட்டு அது மேல ஏறிக்கிருச்சு. முழங்கால் வீங்கித்தான் போச்சு. மால்தி கடுகெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்ச்சுவிடுறா. வாடை பிடிக்கலை, வலி கேக்குது.

அவ பேசுறது எனக்கு விளங்கலை, நான் பேசுறது அவளுக்கு விளங்கலை. ஆனா ரெண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். மீன் அலசுறதுல கைகாரி. கொழம்புல புளி ஊத்தத் தெரியலை. காட்டிக் குடுத்தேன். ஒரு வாய் தின்னு பாத்துட்டு மூக்கைச் சுளிச்சா. அப்புறம் அவளே ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டா.

சீனி மொத ரெண்டு நாளு என்கிட்ட வரலை. மூணாவது நாளு என் வளவியை உருவிப் போட்டுக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்துனா. அப்படியே உங்கப்பா முகம். அந்த நெத்தி. செழியன் இதை எழுதாம நிக்கான். எழுதுலேன்னு சொல்லிட்டேன். ஒண்ணரை வருசம் இந்த நெத்தியை எனக்குக் காட்டாம வச்சிருந்தான். அதையும் எழுதுன்னு சொல்லியிருக்கேன். அவன் கையாலயே எழுதட்டும்.

நீ புத்தகம் போட்டியே, அந்த டால்பினைப் பாத்தேன். சம்பந்தி படகுல கூட்டிட்டுப் போனாக. அம்புட்டுப் பெரிய தண்ணியை நான் பாத்ததில்ல. அக்கரையே தெரியலை. நம்ம ஊருல நாலு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணிக்குச் சண்டை. இங்கன இம்புட்டும் சும்மா ஓடுது. படகுல ஒக்காந்து கண்ணு பூத்துப்போச்சு. பிறகு பக்கத்துலயே புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. திரும்புறதுக்குள்ள முதுகு மட்டும்தான் கண்டேன். சீனி நான் முழுசாப் பாத்தேன்னு கையை விரிச்சுக் காட்டுறா. உன் புத்தகத்தையும் சம்பந்திகிட்டக் காட்டுனேன். எழுத்து தெரியாட்டியும் ஒவ்வொரு பக்கமாப் பாத்தாக. அந்தக் கல்லுக்கடி பிராணியைத்தான் ரொம்ப நேரம் பாத்தாக.

இன்னொண்ணு. மால்தி மாசமா இருக்கா. நாலாவது மாசம். நான் வந்து வாசல்ல கால் வச்ச அன்னைக்கே அவ நடையப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன். உங்கண்ணன் இதையும் சொல்லாமத்தான் வச்சிருந்தான். ஏன்லேன்னு கேட்டா, நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்கிறான். நேர்ல வந்து எத்தனை நாளாச்சு? அதனால உனக்கு நானே சொல்றேன். பேறுகாலம் பாத்துட்டுத்தான் வருவேன். கம்பெனியில கேட்டா அப்படியே சொல்லிரு. அத்தைகிட்டயும் பானுகிட்டயும் சொல்லு. முனியராஜ் தம்பியையும் கேட்டதாச் சொல்லு.

கதவைத் தாப்பாப் போட்டுப் படு. உடம்பைக் கவனிச்சுக்கோ.

அம்மா

இசை, மேலே உள்ளது எல்லாம் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு வார்த்தைகூட நான் விடவில்லை.

செழியன்